பச்சை டயல் வாட்ச்

“யோவ் முருகப்பா! பாலு பொங்குதுய்யா! எங்கய்யா ஓடுற?”

லாரி டிரைவர் சூசைராஜின் கூப்பாடு முருகப்பன் காதில் ஏறவில்லை. கையிலிருந்த டீ கிளாஸ் காலடியில் விழுந்து சிதறியதும் தெரியவில்லை. கடைச் சுவரில் சாய்ந்திருந்த சைக்கிள் யாருடையது என்று பார்க்கவில்லை. தாவி ஏறினான். மிதித்தான்.

“என் சைக்கிளுய்யா அது! பிரேக் கிடையாதுய்யா!” என்று ஒரு குரல் கொஞ்ச தூரம் துரத்தி வந்து, மூச்சு வாங்கி நின்றது.

பிரேக் எதற்கு? நிற்கவா போகிறான்?

கப்பிச் சாலை. குழியில் இறங்கி, மேட்டில் எகிறி, சைக்கிள் அழுதுகொண்டே ஓடியது. ஒரு கை ஹாண்டில்பாரில். இன்னொரு கை வேட்டி மடியை அழுத்திப் பிடித்திருந்தது. ஐப்பசி மாதத்து வானம் ஈயச் சட்டியைக் கவிழ்த்த மாதிரி இருண்டு கிடந்தது. வெயிலும் இல்லை, நிழலும் இல்லை. தூரத்தில் கழுகுப்பாறை கறுப்பாக எழுந்து நின்றது.

பாறையிலிருந்து சத்தம் வருகிறதா? இல்லை. இன்னும் இல்லை.

‘முருகா! பஸ் தாண்டுகிற வரைக்கும் அந்தப் பயல் திரியில் நெருப்பு வைக்கக் கூடாது!’

அந்த பஸ்ஸில்தான் அவன் பெண்டாட்டி வருகிறாள். தாய்வீட்டில் பிள்ளை பெற்று, மூன்றாம் மாதம் முடிந்து, நல்ல நாள் பார்த்து இன்றைக்குத்தான் புறப்பட்டிருக்கிறாள். மடியில் குழந்தை.

முருகப்பன் பற்களைக் கடித்துக்கொண்டு மிதித்தான்.

பாறைப்பட்டியில் யார் வீட்டுச் சுவரிலும் கடிகாரம் கிடையாது. தேவைப்பட்டதும் இல்லை. கழுகுப்பாறைக் குவாரியில் தினமும் பகல் ஒரு மணிக்கு வெடி வைப்பார்கள். ‘டமார்!’ என்றால் மணி ஒன்று. சோறு வடிக்காத வீட்டில் மாமியார் வாய் திறப்பாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடும். முருகப்பன் கடையில் காலைப் பால் தீர்ந்து, அடுத்த பால் அடுப்பில் ஏறும். வெடிதான் ஊருக்குக் கடிகாரம்.

வெடியை ஒரு மணிக்கு வைத்ததற்குக் காரணம் உண்டு. பாறையை ஒட்டித்தான் சாலை வளைந்து போகிறது. வெடித்தால் கல் சாலையில் வந்து விழும். சாலையின் இரு பக்கமும் சிவப்புக் கொடியோடு ஆள் நிறுத்த வேண்டும் என்பது சட்டம். காண்ட்ராக்டர் பார்த்தார். புதுக்கோட்டையிலிருந்து முதல் பஸ் பதினோரு மணிக்கு வளைவைத் தாண்டிவிடும். அடுத்த பஸ் இரண்டு மணிக்கு. நடுவில் வெடித்துவிட்டால் கொடி பிடிக்கிறவனுக்குக் கூலி மிச்சம். பாறைக்கு மேல் மூலையில் ஒரு கொடி மட்டும், இன்ஸ்பெக்டர் வந்தால் காட்டுவதற்காகக் கிடந்தது.

இன்றைக்கு முதல் பஸ் வரவில்லை. வெடியும் வெடிக்கவில்லை. வானத்தில் சூரியனும் இல்லை. லாரி டயர் பஞ்சராகிக் கடையில் வந்து உட்கார்ந்த சூசைராஜ் அதைத்தான் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தான்.

“மொத பஸ்ஸு வரல, அப்ப பதினோரு மணிகூட ஆகல. ஆனா என் வயிறு மட்டும் ரெண்டு மணின்னு சொல்லுதே, அது எப்படிய்யா?”

“ஒன் வயிறு எப்பவுமே முன்னாடி ஓடும்” என்றான் முருகப்பன், டீயை ஆற்றியபடி.

“அட, சொல்ல மறந்துட்டேன். குவாரிக்குப் புது வெடிக்காரன் வந்திருக்கான், ராசுன்னு. இன்னிக்கித்தான் வேலைக்குச் சேந்திருக்கான். கல்யாணம் ஆகி மாசம் ரெண்டு ஆகல. கையில ஃபாரின் வாட்ச்சுய்யா! நீ கட்டிக்கிட்டு மினுக்கினியே, அதே மாதிரி பச்சை டயலு. மாமனாரு ஆவுடையார்கோவில் பக்கமாம், அய்யாக்கண்ணுன்னு. கறவை மாட்டை வித்து வாங்கிப் போட்டாராம்.”

முருகப்பனின் கை நின்றது.

“அவன் பண்ணுற கூத்தைப் பாக்கணுமே! கல்லுத் தூசி படக் கூடாதுன்னு வாட்ச்சைக் கழத்தி, துண்டுல சுத்தி, புதுப் பொண்டாட்டி மாதிரி வேப்பங்கிளையில தூங்கப் போட்டிருக்கான்யா. லோடு ஏத்தப் போனப்ப பாத்தேன். நாங்க எல்லாரும் சிரியா சிரிச்சோம்.”

சர்க்கரை எடுக்கிறவன் போல முருகப்பன் சாக்குத் தட்டிக்குப் பின்னால் போனான். வெளியே வந்தபோது அவன் முகத்தில் ரத்தம் இல்லை. அப்போதுதான் கிளாஸ் விழுந்தது. அப்போதுதான் ஓடினான்.

அந்தப் பச்சை டயல் அவனுடையதுதான்.

போன வருஷம், திருமயம் பக்கத்து முத்துராமன் செட்டியார் சிங்கப்பூரிலிருந்து வந்தபோது கொண்டுவந்த பத்திரிகையில் அந்த வாட்ச்சின் படம் போட்டிருந்தது. முருகப்பனுக்குத் தூக்கம் போயிற்று. டீக்கடைக்காரன் கையில் சிங்கப்பூர் வாட்ச்! செட்டியாரிடம் பணம் கொடுத்துவிட்டான். கடைக்காரன் முகம் தெரியாது, கடை எந்தத் தெருவில் இருக்கிறது என்றும் தெரியாது. அடுத்த கப்பலில் வாட்ச் வந்தது. பச்சை டயல், இருட்டில் மின்னும் ரேடியம் முள். டீ ஆற்றும்போது கையைத் தேவைக்கு மேல் உயர்த்தி உயர்த்தி ஆற்றினான். ஊரே பார்த்தது.

ஊர் பார்க்காதது ஒன்று. கையில் கட்டி ஆட்டிக்கொண்டே இருந்தால் அது ஓடும். கழற்றி வைத்தால் நின்றுவிடும். மறுபடி எடுத்துக் கட்டினால் ஒன்றும் நடக்காதது போல, நின்ற இடத்திலிருந்து ஓட ஆரம்பிக்கும். எவ்வளவு நேரம் தின்றது என்று பார்க்கிறவனுக்குத் தெரியவே தெரியாது.

வெளியே சொல்ல வெட்கம். பெண்டாட்டி செவந்தியிடம் மட்டும் சொன்னான்.

“செத்துப்போன கடியாரத்தை எவனும் நம்ப மாட்டான்” என்றாள் அவள். “இப்படி நின்னு நின்னு ஓடுறதுதான் ஆளைக் கெடுக்கும். செட்டியார்கிட்ட சொல்லி அனுப்புங்க. கடைக்காரன் மாத்திக் குடுத்தா குடுக்கட்டும். இல்லாட்டித் தூக்கிக் கெணத்துல போடுங்க.”

செட்டியார் வாயிலாகச் சொல்லி அனுப்பினான். அதற்குள் வளைகாப்புப் போட்டு செவந்தியைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டார்கள். பதில் என்ன ஆயிற்று என்று கேட்க வீட்டில் ஆள் இல்லை.

அய்யாக்கண்ணு வந்தது அதற்குப் பிறகு. மகளுக்குக் கல்யாணம், மாப்பிள்ளை வீட்டில் ஃபாரின் வாட்ச் கேட்கிறார்கள், கட்டாவிட்டால் மாப்பிள்ளை மணையில் உட்கார மாட்டாராம். எங்கோ கேள்விப்பட்டுத் தேடி வந்திருந்தார். முருகப்பன் உள்ளே போனான். வாட்ச்சை நன்றாக நாலு ஆட்டு ஆட்டினான். வெளியே வந்து பெரியவரின் காதில் வைத்தான்.

டிக் டிக் டிக்.

“நல்லா ஓடுதுங்களா தம்பி?”

“குதிரை மாதிரி ஓடும் பெரியவரே. ஒங்க மருமகன் குடுத்து வச்சவரு.”

பெரியவர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார். முருகப்பனுக்குக் கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. ‘மாப்பிள்ளை மினுக்கத்தானே? நேரம் பார்த்து அவன் என்ன ரயிலா ஓட்டப் போகிறான்?’ என்று சொல்லி அந்த உறுத்தலை அடக்கிவிட்டான்.

மாப்பிள்ளை ரயில் ஓட்டவில்லை. வெடி வைக்கிறான்.

சைக்கிள் பாறையடிக்கு வந்துவிட்டது. பாதை இரண்டாகப் பிரிந்தது. நேரே போனால் சாலை வளைவு. அதைத் தாண்டி ஓடினால் எதிரே வரும் பஸ்ஸை நிறுத்திவிடலாம். இடப்பக்கம் ஏறினால் குவாரி.

முருகப்பன் சைக்கிளைப் போட்டுவிட்டு ஒரு நிமிஷம் திணறினான். பஸ்ஸை நிறுத்தினால் டிரைவர் கேட்பார்: ‘வெடி ஒரு மணிக்குத்தானே? ரெண்டு மணிக்கு எப்படி வெடிக்கும்?’ ஏன், எப்படி என்று கேள்வி வரும். பஸ் நிறைய ஜனம். செவந்தியும் இருப்பாள். அத்தனை பேர் முன்னால் வாட்ச் கதை சந்திக்கு வந்துவிடும். மேலே போனால் ஒருவன்தான். எதையாவது சொல்லி நிறுத்திவிடலாம். யாருக்கும் தெரியாது.

அந்த நிலையிலும் அவன் புத்தி மானத்தைத்தான் முதலில் எண்ணியது. இடப்பக்கம் ஏறினான்.

முழங்கால் தேய, கை கிழிய ஏறினான். உச்சியில் ஒரு வேப்பமரம். அதன் கிளையில் வெறுந்துண்டு ஆடிக்கொண்டிருந்தது. அதற்கு அப்பால், பாறை விளிம்பில், ஓர் இளைஞன் குந்தியிருந்தான். வாயில் புகையும் பீடி. அவன் காலடியில் மூன்று குழிகள். ஒவ்வொன்றிலிருந்தும் வெள்ளைப் பாம்பு மாதிரி ஒரு திரி. கூலிக்காரர்கள் ஒருவரும் இல்லை. எல்லாரும் தூரத்தில் ஒதுங்கிவிட்டார்கள்.

“தம்பி! பத்த வைக்காத! பத்த வைக்காத!”

“யாருண்ணே நீங்க? அங்கிட்டே நில்லுங்க! குழியில வெடிமருந்து கெட்டிச்சிருக்கு!”

“பஸ்ஸு வருதுப்பா! கீழ ரோட்டுல பஸ்ஸு வருது!”

ராசு சிரித்துவிட்டான். இடக்கை மணிக்கட்டைத் திருப்பினான். பச்சை டயல் பளிச்சிட்டது.

“மணி இப்பத்தான் ஒண்ணு ஆகப் போவுது. ரெண்டு மணி பஸ்ஸு இப்ப எங்கிட்டிருந்துண்ணே வரும்? ஆகாசத்துலேருந்து குதிக்குமா?”

“வாட்ச்சை நம்பாதப்பா. மேல ஏறி நின்னு ரோட்டைப் பாரு!”

“கையில வாட்ச் இருக்கிறவன் எதுக்குண்ணே பாறையில ஏறிப் பாக்கணும்? சிங்கப்பூர் வாட்ச்சு. எங்க மாமனாரு கறவை மாட்டை வித்து வாங்கிப் போட்டது. சூரியன் தப்பினாலும் இது தப்பாது. தூசி படாம இருக்கக் குழி போடுற நேரம் மட்டும் கழத்தி வச்சிருந்தேன், மருந்து கெட்டிச்சதும் எடுத்துக் கட்டிட்டேன்.”

சொல்லிவிட வேண்டும். இப்போதே சொல்லிவிட வேண்டும். ‘அது ஓடாத வாட்ச், நான்தான் விற்றேன்’. ஐந்தே வார்த்தை. அதற்குப் பதில் இன்னொரு பொய் வெளியே வந்தது.

“காண்ட்ராக்டர்தான் சொல்லிவிட்டாரு. இன்னிக்கு வெடி வேணாமாம்.”

ராசுவின் சிரிப்பு மறைந்தது. ஏற இறங்கப் பார்த்தான்.

“காண்ட்ராக்டர் சொன்னாரா? காலையில வேலையில சேத்துக்கிட்டப்ப, ‘ஒரு மணின்னா ஒரு மணி, தவறினா நாளைக்கு வராத’ன்னாரே? பழைய வெடிக்காரன் அனுப்பிச்ச ஆளா நீங்க? மொத நாளே என்னைத் தொரத்தப் பாக்குறீங்களா?”

“ஐயோ, இல்லப்பா...”

“தள்ளிப் போங்கண்ணே. சிதறிப் போயிருவீங்க.”

பீடி நுனி திரியைத் தொட்டது. ‘புஸ்’ என்றது. இரண்டாவது. மூன்றாவது. ராசு எழுந்து, “வெடீய்ய்! வெடீய்ய்!” என்று கத்திக்கொண்டு ஓடி வந்து முருகப்பனின் கையைப் பற்றி இழுத்தான்.

முருகப்பன் நகரவில்லை. அவன் தொண்டையிலிருந்து அவனுக்கே அடையாளம் தெரியாத ஒரு குரல் கிளம்பியது.

“அது ஓடாதுடா! அந்த வாட்ச் ஓடாது! நான்தான் ஒங்க மாமனாரு தலையில கட்டினேன்! கழத்தி வச்சா நின்னுபோகும்டா அது! கையை அசைக்காம வச்சுப் பாரு! பாருடா!”

ராசு நின்றான். மணிக்கட்டை முகத்துக்கு நேரே தூக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் பார்த்தான். நொடி முள் கொஞ்சம் ஓடியது. தயங்கியது. நடுங்கியது. நின்றது.

அதே கணத்தில், காற்றோடு கலந்து, வளைவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது.

‘பாம்... பாம்...’

பஸ் ஹாரன்.

ராசுவின் உதடு வெளுத்தது. “ஆத்தாடி” என்றான், சின்னப் பிள்ளை மாதிரி. எரிகிற திரிகளை நோக்கித் திரும்பி ஓடினான்.

“கொடி!” என்று மட்டும் அலறினான். “அந்தா கெடக்கு! கொடியை எடுத்துக்கிட்டு ரோட்டுக்கு ஓடுங்க!”

முருகப்பன் கொடியைப் பிடுங்கிக்கொண்டு சரிவில் பாய்ந்தான். ஓடினான் என்று சொல்ல முடியாது. உருண்டான், சறுக்கினான், விழுந்து எழுந்தான். முள் முகத்தைக் கீறியது. பின்னால் திரி புகைகிற வாடை துரத்தியது. இன்னும் எவ்வளவு மிச்சம்? அணைத்துவிட்டானா? அணைக்கவில்லையா?

சாலையில் வந்து விழுந்தான். எழுந்து வளைவைத் தாண்டி ஓடினான். எதிரே செம்மண் புழுதியைக் கிளப்பிக்கொண்டு பஸ் வந்துவிட்டது. முன் கண்ணாடிக்குப் பின்னால் டிரைவர் ஆவுடையப்பனின் பெரிய மீசை தெரிந்தது. அவருக்குப் பின்னால், பெண்கள் ஸீட்டில், தலை குனிந்து மடியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள் செவந்தி.

“நிறுத்து! நிறுத்துங்க! வெடி! வெடி!”

கொடியை விரித்து, நடுச் சாலையில், பஸ்ஸுக்கு நேராக ஓடினான். பிரேக் கிறீச்சிட்டது. பஸ் ஆடியது, சாய்ந்தது, அவன் நெஞ்சுக்கு ஒரு முழம் முன்னால் வந்து நின்றது. எஞ்சினின் சூடு முகத்தில் அடித்தது.

“ஏண்டா, சாக ஒனக்கு என் வண்டிதான் கெடச்சுதா? கொம்பு சீவி விட்ட கெடா மாதிரி...”

ஆவுடையப்பன் வசவை முடிக்கவில்லை.

டமார்!

பாறையின் வயிறு வெடித்தது. பூமி ஒரு தடவை எகிறி உட்கார்ந்தது. பஸ்ஸின் முன் கண்ணாடி பொலபொலவென்று உதிர்ந்தது. ஆனைக்குட்டி அளவு ஒரு பாறை விளிம்பிலிருந்து கழன்று, மெதுவாக, யோசித்து யோசித்து இறங்குவது போல உருண்டு வந்து, வளைவின் நடுவில் விழுந்து அமிழ்ந்தது. பஸ் நிற்காமல் போயிருந்தால் அந்நேரம் எங்கே இருந்திருக்குமோ, சரியாக அந்த இடத்தில்.

கல் மழை ஓய்ந்தது. புழுதிக்குள் ஒரு சத்தமும் இல்லை. பிறகு ஒரு குழந்தை வீறிட்டது.

முருகப்பன் படியில் தவழ்ந்து ஏறினான். செவந்தி குழந்தையின் மேல் கவிழ்ந்து கிடந்தாள். தலையில், தோளில், சேலை மடிப்பில் எல்லாம் கண்ணாடித் தூள். அவள் நிமிர்ந்தாள். குழந்தை சிவந்துபோய், கை காலை உதறி அழுதது. ஒரு கீறல் இல்லை.

“ஏங்க...” என்றாள்.

ராசுவைக் கூலிக்காரர்கள் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இரண்டு திரிகளைப் பிடுங்கி எறிந்துவிட்டான். மூன்றாவது அதற்குள் குழிக்குள் போய்விட்டது. விளிம்பிலிருந்து குதித்தவனை வெடி பிடித்துத் தள்ளியிருக்கிறது. ஒரு கல் வந்து இடக்கையில் இறங்கியிருக்கிறது. மணிக்கட்டு இருக்க வேண்டிய இடத்தில் ரத்தமும், நசுங்கிய தகரமும், பச்சையாய் ஒரு சில்லும் இருந்தன.

மூன்று குழியும் சேர்ந்து வெடித்திருந்தால் பஸ் நின்ற இடத்துக்கும் பாறை வந்திருக்கும் என்று கூலிக்காரர்கள் பேசிக்கொண்டார்கள்.

ஆவுடையப்பன் பஸ்ஸைத் திருப்பினார். புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்கு விரட்டினார். பின் ஸீட்டில் ராசுவைக் கிடத்தியிருந்தார்கள். செவந்தி குழந்தையை முருகப்பன் கையில் திணித்துவிட்டு, தன் முந்தானையைக் கிழித்து ராசுவின் கையைச் சுற்றிப் பிடித்துக்கொண்டாள். பஸ்ஸில் இருந்த எல்லாக் கண்களும் முருகப்பன் மேல் இருந்தன. காப்பாற்றியவனைப் பார்க்கிற கண்கள். அந்தப் பார்வை அவனுக்குத் தாங்கவில்லை.

சொன்னான். அய்யாக்கண்ணு வந்தது, வாட்ச்சை ஆட்டி அவர் காதில் வைத்தது, எல்லாம் சொன்னான்.

“நானும் ஏமாந்தவன்தாங்க” என்று முடித்தான், தரையைப் பார்த்துக்கொண்டு. “சிங்கப்பூர்க்காரன் பழுதைக் குடுத்து என்னை ஏமாத்திட்டான்.”

ராசுதான் பேசினான், வலியில் பல்லைக் கடித்தபடி.

“விடுங்கண்ணே. எவனோ கடலுக்கு அங்கிட்டு இருக்கிறவன் ஒங்கள ஏமாத்தினான். அந்த வயித்தெரிச்சல்ல நீங்க எங்க மாமனை ஏமாத்தினீங்க. நான் மட்டும் யோக்கியமா? கையில வாட்ச் ஏறாம கழுத்துல தாலி ஏறாதுன்னு முறுக்கினவன்தானே நானு? அந்த மாட்டுக் கன்னுக்குட்டி கத்தினது கல்யாணப் பந்தல்லயே கேட்டுச்சு. காதுல வாங்காம வாட்ச்சைப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருந்தேன்.”

ஆவுடையப்பன் முன்னாலிருந்து ஏதோ திட்டினார். யாரை என்று தெரியவில்லை.

செவந்தி கணவனைப் பார்த்தாள். அவள் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தேவலை என்று முருகப்பனுக்குத் தோன்றியது.

“பழுதுன்னு தெரிஞ்ச பொருளு நம்ம கையோட சாகணும். ஏமாந்தது நம்மளோட நிக்கணும். நம்ம நட்டத்தை இன்னொருத்தன் வீட்டுக்குத் தள்ளிவிட்டோம்னா, அது அங்கேயே குடியிருக்காது. வழி கேட்டுக்கிட்டு நம்ம வாசலுக்கே திரும்பி வரும். இன்னிக்கு ஒங்க புள்ள தலைக்கு மேல வந்து நின்னுச்சு பாத்தீங்களா?”

முருகப்பன் குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு, காலால் அவன் மடியை உதைத்துக்கொண்டிருந்தது. அவன் அவசரமாக அதைக் கொஞ்சம் நகர்த்திப் பிடித்தான்.

செவந்தி அதைக் கவனித்தாள். அவள் நெற்றி மெல்லச் சுருங்கியது.

“எனக்கு ஒண்ணு மட்டும் வெளங்கலங்க” என்றாள். “வெடிச் சத்தம் வரல. மொத பஸ்ஸு புதுக்கோட்டையிலேயே ரிப்பேராகிக் கெடந்துச்சு, அதுவும் வரல. வானத்துல வெயிலும் இல்ல. ஊருல ஒருத்தருக்கும் மணி தெரிஞ்சிருக்காது. டிரைவரண்ணனைத் தவிர எங்க யாருக்கும் தெரியாது. ரெண்டு மணி ஆகப் போவுதுன்னு ஒங்களுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுச்சு?”

முருகப்பன் குழந்தையை அவளிடம் நீட்டினான். வேட்டி மடியை அவிழ்த்தான். உள்ளங்கையை விரித்தான்.

பச்சை டயல். ரேடியம் முள். புத்தம் புதிதாக, ஒரு நொடிகூடத் தயங்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

ராசு தலையைத் தூக்கி அதைப் பார்த்தான். தன் கையில் சிதைந்து கிடந்ததைப் பார்த்தான். மறுபடி அதைப் பார்த்தான்.

“சிங்கப்பூர்க்காரன் என்னை ஏமாத்தல தம்பி” என்றான் முருகப்பன். “சொல்லிவிட்ட அடுத்த கப்பல்லயே, ஒரு காசு வாங்காம, புதுசு குடுத்து அனுப்பிட்டான். பழசு யாரு கைக்கும் போயிரக் கூடாது, ஒடச்சுப் போட்டுருங்கன்னு செட்டியார்கிட்டச் சொல்லியும் விட்டான். ஒங்க மாமனாரு என் கடைக்கு வந்த அன்னிக்கு, ரெண்டு வாட்ச்சும் என்கிட்டதான் இருந்துச்சு.”